இருபது லிட்டருக்கு எத்தனை கிராம்

"ஏம்மா, இந்தத் தடவையும் பீர் நாசமாப் போச்சு," என்றார் வேலாயுதம்.

குரு என்றால் தாடி வேண்டும் என்பார்கள். எமல்டாவுக்கு இருந்தது ஒரு கடை மட்டும்தான். மெல்பர்னில், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களுக்கு பார்லி மால்ட்டும் ஈஸ்ட்டும் விற்கும் கடை. தூத்துக்குடிக்காரி. வேலாயுதத்தைவிட இருபது வயது இளையவள்.

அவர் கோவில்பட்டிக்காரர். மனைவி தவறி இரண்டு வருஷம். மகன் பெர்த்தில். சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்துவிடுவார். வாரத்தில் அவர் தமிழ் பேசுவது அங்கேதான். உண்மையைச் சொன்னால், வாய் திறந்து பேசுவதே அங்கேதான்.

"எத்தனை லிட்டர் காய்ச்சுனீங்க, அண்ணாச்சி?"

"இருபது."

"ஈஸ்ட்டு?"

"ஒரு சிட்டிகை. மிச்சத்த மடிச்சு ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன்."

எமல்டா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒரு குடம் பாலுக்கே ஒரு கரண்டி மோர் போதுமேம்மா."

"அது தயிரு. இது பீரு. லிட்டருக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. இருபது லிட்டருக்குப் பதினொரு கிராம். ஒரு பாக்கெட்ட முழுசாப் போடணும்."

"கொறஞ்சா என்ன? தானாப் பெருகிராதா?"

"பெருகும். ஆனா அவ்வளவு பெரிய வாளியில நாலஞ்சு பேரு மட்டும் கெடந்தா, ஆள் சேக்கவே நாள் ஓடிரும். அதுக்குள்ள கண்ட கிருமியும் பூந்து கெடுத்துரும்."

வேலாயுதம் அந்த வாளியை நினைத்துப் பார்த்தார். அவர் வீட்டில் நான்கு படுக்கையறைகள்.

பிறகு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

ஆறாவது சனிக்கிழமை ஒரு பாட்டிலோடு வந்தார்.

எமல்டா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி இன்னொரு வாய்.

"அருமையா இருக்கு, அண்ணாச்சி."

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"கெட்டுப்போனப்ப கொட்டிட்டு நிம்மதியா மறுபடி காய்ச்சுனேன். இப்ப இருபத்தஞ்சு பாட்டில் வரிசையா நின்னு என்னையே பாக்குது. கொட்டவும் மனசு வரல."

"அப்ப இன்னைக்கு என்ன வேணும்?"

"இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டு."

எமல்டா பாக்கெட்டை எடுத்தாள். அவர் கை நீட்டினார். அவள் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்தாள்.

"வீட்டுல இருக்கது தீரட்டும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

வேலாயுதம் நீட்டிய கையை மடக்கவில்லை. சனிக்கிழமையும் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

"நான் ஒருத்தன் குடிச்சா அது எப்பம்மா தீரும்?"

"தீராது."

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டார். கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்றார்.

"பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளைக்காரர் இருக்காரு," என்றார், திரும்பாமல். "சாயங்காலம் ஆனா நாயக் கூட்டிட்டுத் தனியா நடப்பாரு. அவரு பீர் குடிப்பாரா?"

"அவரு பேரு என்ன?"

ஏழு வருஷமாகப் பக்கத்து வீடு. இடையில் ஒரே ஒரு வேலி.

"கேக்கணும்," என்றார் வேலாயுதம்.