மூன்று தகடுகளும் ஒரு மூக்கும்

வண்ணப் படம் அச்சடிக்கும் வித்தை இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடாத காலம். குழந்தைவேல் பத்தர் மூன்று செப்புத் தகடுகளை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தார். மூன்றிலும் ஜமீன்தாரின் முகத்தைச் செதுக்கியிருந்தார். ஒன்றுக்கு மஞ்சள் மை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஒரே தாளில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தால் ஜமீன்தார் அசல் நிறத்தோடு வந்துவிடுவார்.

செம்பு ஜமீன்தார் கொடுத்தது. படம் சரியாக வந்தால் பத்தருக்குச் சொந்தமாக ஓர் அச்சுக்கூடம். வராவிட்டால் பழையபடி கொலுசுக்குத் திருகு வைக்க வேண்டியதுதான்.

தகடுகளுக்கு அந்தக் கவலையெல்லாம் ஏது? அவற்றுக்குப் பெரிய இடத்து விவகாரங்கள் இருந்தன.

"நான் இல்லாவிட்டால் அவர் முகம் பிணத்தின் முகம்," என்றது சிவப்பு.

"தலைப்பாகை யாருடையதாம்?" என்றது நீலம்.

"உங்கள் இருவருக்கும் முன்பே பதிகிறவன் நான். அஸ்திவாரமே நான்தான்," என்றது மஞ்சள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

நனைத்து வைத்திருந்த தாள் மெல்ல வாய் திறந்தது. "பெரியவர்களே, பத்தரிடம் இருக்கும் கடைசித் தாள் நான். மூலையில் குத்திய ஊசித் துளையை விட்டு நகராமல் உட்கார்ந்தால் போதும்."

"தாளுக்கு என்ன தெரியும்?" என்று மூன்றும் சிரித்தன. அதில் மட்டும் அவற்றுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

ஒரே ஒரு நூலளவு நகர்ந்தால் தன் நிறம் தனியாகத் தெரியுமே என்று ஒவ்வொன்றுக்கும் ஆசை! மஞ்சள் இடப்பக்கம் நகர்ந்தது. சிவப்பு வலப்பக்கம். நீலம், பெருந்தன்மையோடு, மேல்பக்கம்.

ஜமீன்தார் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"என்னய்யா பத்தரே, எனக்கு மூணு மூக்கா?"

"எஜமான், நேத்து சரியாத்தான் உக்காந்துச்சுங்க. இன்னும் ஒரே ஒரு தாள் கிடைச்சா..."

"மூக்கு ஆறாயிடும். தகட்டையெல்லாம் உருக்கி ஒரு படிக்கம் அடிச்சுக் கொடும். வெத்தல துப்பவாவது ஆகட்டும்."

இரண்டு வருஷ உழைப்பைப் பத்தர் தன் கையாலேயே உலையில் போட்டார். பாவம், மனிதர் அழுதுவிட்டார். தகடுகள் அதைக் கவனிக்கவில்லை. யார் முதலில் உருகுவது என்று அவற்றுக்குள் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

படிக்கம் பளபளவென்று வந்தது. எது எந்தத் தகடு என்று பிரிக்க முடியாதபடி மூன்றும் ஒன்றாகிவிட்டன. எவ்வளவு அழகான ஒற்றுமை!

மதியச் சாப்பாடு முடிந்து ஜமீன்தார் வெற்றிலையை நன்றாக மென்றார், குனிந்தார், துப்பினார்.

"பார்த்தீர்களா," என்று படிக்கத்தின் உள்ளேயிருந்து ஒரு குரல் பெருமையோடு சொன்னது, "கடைசியில் என் நிறம்தான்!"