தலைவரின் இருநூறு பொன்னாடைகள்

பேரூராட்சித் தலைவர் தணிகாசலத்தின் மணிவிழா வீடியோவை அங்கயற்கண்ணி தன் வீட்டிலேயே எடிட் செய்துகொண்டிருந்தாள். பாதியிலேயே கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது. தலைவருக்குப் போன் செய்தாள்.

“சேமிச்சு வைக்க ஒரு ஹார்டுடிஸ்க் வாங்கித் தாங்க ஐயா, மலிவுதான்.”

“தண்டச் செலவு. ஒரு நொடியும் வெட்டாம, இருக்கிற இடத்துலயே முடி.”

“ஒண்ணே திரும்பத் திரும்ப வந்தா?”

“அதை வெட்டிக்கோ,” என்றார் தாராளமாக.

மறுநாள் சம்பந்தி வீட்டாரோடு பார்க்க வந்தார். நான்கு மணி நேரப் பொன்னாடை வைபவம் அரை நிமிடத்தில் முடிந்தது.

“இருநூறு பொன்னாடை எங்கேம்மா?”

“ஆளுங்கதான் இருநூறு ஐயா, பொன்னாடை ஒண்ணுதான். அதே ஓரத்துல அதே ரசக்கறை. மேடைக்குப் பின்னால உங்க டிரைவர் மடிச்சு மடிச்சு அடுத்தவங்க கையில கொடுத்திருக்கார்.”

சம்பந்தி மெல்லத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க சொன்னது சரிதான் ஐயா,” என்றாள் அங்கயற்கண்ணி. “டிஸ்க்கே வேண்டாம். இப்ப ஏகப்பட்ட இடம் இருக்கு.”