மண்ணெண்ணெய்க்குக் கரி இல்லை

"சாமி, விஷம் குடிச்சவனுக்கு முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார் ஆடலரசன்.

"என்ன குடிச்சான்?" என்றார் வைத்தியச் சாமி.

"ஏதோ ஒண்ணு."

"அப்ப அவனுக்கும் ஏதோ ஒண்ணு செய்."

ஆடலரசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மலையடிவாரத்து மடத்தின் மருந்தறையில் சாமியிடம் வைத்தியம் படிக்க, ஐம்பது வயதில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். கேட்டதற்கு ஒருநாளாவது நேராகப் பதில் வந்தால்தானே.

வெளியே கூச்சல் கேட்டது.

மடத்து மதிலுக்குப் பெயின்ட் அடிக்க வந்திருந்த மாசிலாமணி, தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பின்னாலேயே அவன் மனைவி, உப்புத் தண்ணீர்ச் சொம்போடு.

"பிரஷ் கழுவுற மண்ணெண்ணெய கலர் சோடா பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன் சாமி. பிள்ள எடுத்துக் குடிச்சிருச்சு!"

சாமி குழந்தையின் வாயை முகர்ந்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்.

அதற்குள் ஆடலரசன் மருந்துக் கரித்தூளைக் கரைத்துவிட்டார். விஷத்தை ரத்தத்தில் சேரவிடாமல் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும் கரி. மாத்திரை மாற்றி விழுங்கிய ஒரு பெரியவரை அது காப்பாற்றியதை அவரே கண்ணால் பார்த்திருக்கிறார்.

சாமி கிண்ணத்தை வாங்கினார். மடமடவென்று தானே குடித்துவிட்டார்.

"சாமி!"

"மண்ணெண்ணெயக் கரி பிடிக்காதுய்யா."

சாமிக்கு வாயெல்லாம் கறுப்பு. உப்புத் தண்ணீரையும் வாங்கி வாசலில் கொட்டிவிட்டு ஆடலரசன் பக்கம் திரும்பினார்.

"வாந்தி எடுக்க வைக்காத. உள்ள போனது வயித்தோட போயிரும். மேல வந்தா நுரையீரல்ல இறங்கிரும். பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்ற வரைக்கும் உனக்கு அந்த ஒரு வேலைதான். ஓடு."

எல்லாரும் ஏறி ஆட்டோ கிளம்பியதுமே மாசிலாமணி குழந்தையின் தொண்டையில் விரலை விடப் போனான். ஆடலரசன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாசிலாமணி இன்னொரு கையால் அறைந்தான்.

"எம்புள்ள சாகக் கிடக்கு, நீ வேடிக்க பாக்குறியா? நீயெல்லாம் ஒரு வைத்தியனா?"

வழி நெடுக வசவு. காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு. ஆடலரசன் பிடித்த கையை விடவில்லை.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு மடத்துக்குத் திரும்பினார்.

"பிள்ள?" என்றார் சாமி.

"நல்லாருக்கு சாமி. படம் எடுத்துப் பாத்தாங்க. நுரையீரல் சுத்தமா இருக்கு. இட்லி கேட்டு ஒரே அழுகை."

சாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் ராத்திரி தூங்கவில்லை.

"ஆனா சாமி, அவன் பேசின பேச்சு இருக்கே! கலர் பாட்டில்ல ஊத்தி வச்சது யாருடான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா அங்கயே ஒடிஞ்சு போயிருப்பான். வாய் வரைக்கும் வந்துச்சு."

"கேட்டியா?"

"இல்ல. பிள்ள அவன் மடியில கிடந்துச்சு."

"இப்ப அந்த வார்த்த எங்க இருக்கு?"

ஆடலரசன் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. மாசிலாமணி. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

ஆடலரசன் எழுந்து அவனிடம் போனார்.

"சாப்பிட்டியாப்பா?" என்றார்.