முகாரிக்குப் பிடித்த இடம்

மாலைப் பூசை முடிந்ததும் ஆசிரமத்தில் திருமேனிதான் பாடுவார். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தவர். தம் குரலைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. கேட்பவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சமையற்கட்டில் காய் நறுக்கும் வைரவநாதன். மழை பெய்தால் சளி பிடிக்கும் என்பார், வெயில் அடித்தால் கிணறு வற்றும் என்பார். ஆசிரமத்தில் அவருக்கு முகாரி என்றே பெயர். தினமும் முதல் வரிசையில், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த முகத்துக்கு எதிரே பாடித் திருமேனிக்கு அலுத்துவிட்டது. குரு விசாலாட்சி அம்மாவிடம் போனார். அம்மா அவரைவிட வயதில் இளையவர்.

“பாட்டு நேரத்துல அவர் வரவேணாம்னு சொல்லிடுங்கம்மா.”

“அவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்?”

“தெரியலையே.”

“கேட்டுட்டு வாங்க. அப்பவும் வேணாம்னா சொல்லிடறேன்.”

இது நமக்குத் தோன்றவே இல்லையே என்று நினைத்தபடி திருமேனி நடந்தார். இப்படி ஒரு மனிதருக்கு என்னதான் பிடிக்கும்? சமையற்கட்டை நெருங்குவதற்குள் கோபம் போய் ஆவலே மிஞ்சிவிட்டது.

“ஐயா, கல்யாணி ராகம் பிடிக்குமா?”

வைரவநாதன் கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடும். உள்ள போனா சாப்பாடு தீந்திருக்கும்.”

“மோகனம்?”

“அழகா இருக்கோம்னு அதுக்கே தெரியும்.”

“முகாரியாவது?”

“அழறவனுக்கு எதுக்குத் தாளம்?”

திருமேனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எதுவுமே பிடிக்காதா?”

கத்தி நின்றது. “நீங்க மேல போறப்ப ஒரு இடத்துல சுருதி விலகும். தேடித் தேடித் திரும்பப் பிடிப்பீங்க. அது பிடிக்கும்.”

சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. முகம் சிவக்க, வந்த வழியே திரும்பினார்.

“நான் சறுக்குற இடம்தான் அவருக்குப் பிடிக்குமாம்மா!”

“அவ்வளவுதான் சொன்னாரா?”

“தேடித் திரும்பப் பிடிக்கிறது பிடிக்கும்னார்.”

“சறுக்குறது நிஜமா?”

“நிஜம்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்.”

“தலையாட்டறவங்கள்ல யாராவது சொன்னாங்களா?”

“இல்லம்மா.”

“சரி. சொன்ன சொல் சொன்னதுதான். நாளையிலேர்ந்து வரவேணாம்னு அவர்கிட்ட சொல்லிடறேன்.”

அம்மா எழுந்து சமையற்கட்டுப் பக்கம் போனார். நாலடி போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்புறம் நீங்க யாருக்குப் பாடுவீங்க?”