துளசிமணி வேலையில் இல்லாததற்கு இருபத்தாறு படங்கள்

கோரக்காட்டுப்புதூர்க்காரர்களான எங்களிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்துவிடுவோம். எங்கள் ஊருக்குக் கெட்ட பெயர் வந்ததே அதனால்தான். "மழை வந்தா கொடியில கிடக்கற துணியை எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனால், மழை வரும்வரை யாரும் அந்தத் துணியைத் தொடமாட்டார்கள். சித்திரையில் காயப்போட்ட வேட்டி ஐப்பசியில்தான் வீட்டுக்குள் வரும்.

அந்த ஊரில் பிறந்தவள்தான் துளசிமணி. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள், பிள்ளைத்தாச்சி வயிறு மிஷினில் முட்டியதும் வேலையை விட்டாள். விட்டாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் யாரும் "போறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே. அதனால் சூப்பர்வைசரிடம் "போயிட்டு வாரேனுங்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சூப்பர்வைசரும் எங்கள் ஊர்க்காரர். வருகிறேன் என்று சொன்னவளின் பெயரை எப்படி அடிப்பது என்று அப்படியே வைத்திருந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்று வேலையை விட்டவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாதத்துக்கு உதவித்தொகை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் துளசிமணிக்கு உயிர் வந்தது. பணம் வந்தால் ஆறு மாதம் குழந்தையை மடியை விட்டு இறக்க வேண்டியதில்லை. வராவிட்டால் மறுபடியும் மிஷின்தான்.

நல அலுவலகத்து அம்மா மனுவைப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. நீங்க இப்ப வேலை செய்யலைங்கறதுக்கு ஒரு ஆதாரம் மட்டும் கொண்டு வாங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம் கூடியது. துளசிமணியின் வீட்டுக்காரன் நாச்சிமுத்து, அண்ணன் செங்கோடன், சித்தப்பா அர்த்தனாரி. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்கள்.

"செஞ்ச வேலைக்கு ஆதாரம் கேட்டா தெச்ச பனியனைக் காட்டலாம்," என்றார் அர்த்தனாரி. "செய்யாத வேலைக்கு எதைக் காட்டறது?"

"படம் புடிச்சுக் காட்டலாம் சித்தப்பா," என்றான் செங்கோடன். "இவ மிஷினைப் படம் புடிப்போம். அதுல இவ இருக்க மாட்டா. அதுதான் ஆதாரம்."

நாச்சிமுத்துக்குப் புல்லரித்துவிட்டது. "மச்சானுக்கு என்ன மூளைங்கறீங்க!"

ஒரே ஒரு சிக்கல். நூறு மிஷினில் அவள் மிஷின் எது என்று அவளுக்குத்தான் தெரியும். ஆகவே வேலையில் இல்லாததைக் காட்டுவதற்கு அவளே நேரில் போனாள். வாசலில் இருந்த விரல்ரேகைப் பெட்டியில் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை வைத்தாள். கதவு திறந்தது. அவள் மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, காலி ஸ்டூலைச் செங்கோடன் படம் பிடித்தான். துளசிமணி தன் நிழல்கூட விழாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அலுவலகத்து அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"இல்லீங். நல்லாப் பாருங், எங்கயுமே இல்லீங்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒரு நாள் படத்தை வச்சு என்னம்மா பண்றது? மாசம் பூராவும் போகலைன்னு தெரியணுமில்ல? அதுக்கு நீங்க மேனேஜர்கிட்ட..."

மேனேஜரிடம் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. மாசம் பூராவும் என்ற சொல் காதில் விழுந்ததுமே நாலு பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து துளசிமணி தினமும் எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போனாள். விரலை வைத்தாள். பத்து மணிக்குச் செங்கோடன் வந்து படம் எடுத்தான். திரும்பி வர பஸ் சாயங்காலம்தான். அதுவரை என்ன செய்வது? அந்த இன்னொரு பெண்ணும் நாலாம் நாள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். தினமும் எழுந்து எழுந்து உட்கார அவளால் முடியவில்லையாம். "சும்மாதான இருக்கற, இந்தத் துணிக்கட்டைத் தெச்சு முடிச்சுக் குடு அம்மிணி" என்றார் சூப்பர்வைசர். துளசிமணி முடித்துக் கொடுத்தாள். பத்து மணிக்கு மட்டும் ஞாபகமாக எழுந்து தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். அதில் ஒரு நாளும் அவள் தவறியதில்லை.

வீட்டில் நாச்சிமுத்து, அவள் பீச்சி வைத்துவிட்டுப் போன பாலைப் பாலாடையில் ஊட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் ஆனால் துளசிமணிக்கு மார் கட்டிக்கொள்ளும், ஜாக்கெட் நனையும். குழந்தை இப்போது அழும் என்று தெரியும். அழுகையை அடக்கிக்கொண்டு தைப்பாள். 'எல்லாம் அதுகூட இருக்கறதுக்குத்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மாதக் கடைசியில் இருபத்தாறு படங்களையும் மேஜைமேல் பரப்பினார்கள். அந்த அம்மா படங்களைப் பார்க்கவில்லை. கம்பெனியிலிருந்து வந்த வருகைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு நாளும் விரல் வச்சிருக்கீங்க. ஒரு நாள்கூட லீவு இல்ல. நூறு பேர்ல இப்படி வந்தது நீங்க ஒருத்தர்தாம்மா."

அர்த்தனாரி பெருமையோடு தலையை ஆட்டினார். துளசிமணிக்கு மட்டும் விஷயம் மெல்ல மண்டையில் ஏறியது. ஏறியதும் உடைந்து அழுதாள்.

"குழந்தையோட இருக்கோணும்னு குழந்தையை விட்டுட்டு ஒரு மாசமா வேலைக்குப் போயிருக்கறனுங். என்னையாட்டம் ஒரு கூமுட்டையை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங். இந்த மூணு பேரைச் சொல்லி என்னங்க? தூணுக்குப் பின்னால நின்னது நான்தானுங்களே!"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வேலையை விடுகிறேன் என்று தாமே ஒரு கடிதம் எழுதி, துளசிமணியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இதுல மேனேஜர் கையெழுத்து வேணும். அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க" என்றார். இந்தத் தடவை கடைசிச் சொல்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். நாலே முக்காலுக்குக் கையெழுத்தோடு வந்தார்கள். அந்த அம்மா முத்திரை குத்தினார்.

"ஆறு மாசத்துக்குப் பணம் வரும். ஆனா ஒண்ணு, அந்த ஆறு மாசமும் இந்தப் பொண்ணு எந்த வேலையும் செய்யக் கூடாது. செஞ்சா நின்னுடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்," என்றார்கள் மூன்று பேரும்.

ஊருக்கு வந்ததும் துளசிமணி ஓடிப்போய், பக்கத்து வீட்டில் விட்டிருந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

"பொறு அம்மிணி," என்றார் அர்த்தனாரி. "பால் குடுக்கறது வேலையா, இல்லையா?"

பணம் நின்றுவிடுமே என்று நாச்சிமுத்துக்கு வேர்த்தது. குழந்தை வீறிட்டது.

"வேலைன்னா களைப்பு வரோணும்," என்றான் செங்கோடன். "பால் குடுத்தாக் களைப்பு வருதா?"

"வருதுண்ணா," என்றாள் துளசிமணி. பொய் சொல்ல அவளுக்கு வராது.

"போச்சு. அப்ப வேலைதான்."

மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். துளசிமணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டாள். அது வேர்த்து விறுவிறுத்துக் குடிக்க ஆரம்பித்தது.

"இங்க பாருங்," என்றாள். "நான் சும்மாதான் உக்காந்திருக்கறேன். உறிஞ்சறதும் முழுங்கறதும் யாரு? வேர்க்கறது யாருக்கு?"

அர்த்தனாரி குனிந்து குழந்தையை உற்றுப் பார்த்தார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்வை. குடித்து முடித்ததும் அது களைத்துப்போய்த் தூங்கியே விட்டது.

"அம்மிணி சொல்றது நெசம்," என்றார். "வேலை செய்யறது குழந்தைதான்."

எல்லாருக்கும் உயிர் வந்தது. துளசிமணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெகுநாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் அரசாங்கத்திடம் எதையும் மறைக்கக் கூடாது அல்லவா? மறுநாள் விடிந்ததும் அர்த்தனாரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, குழந்தை வேலைக்குச் சேர்ந்துவிட்ட விவரத்தை நல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க முதல் பஸ்ஸில் ஏறினார்.