நாவல் மரத்தடியில் ஒரு ஆள் தூங்க வேண்டும்

ஓணாம்பட்டிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே கேட்பார்கள். அவர்களுக்கு வந்த வினை எல்லாம் அதனால்தான்.

அந்த ஊர்த் தவசிக்கு முப்பத்தாறு வயதில் ஒருவழியாகக் கல்யாணம் கூடியது. பதினோரு வீடுகளில் பெண் பார்க்கப் போய்ப் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பியவன். பன்னிரண்டாவது வீட்டில் பெருமாயி சரி என்றாள். அவளுக்குப் போன வருஷம் ஒரு கல்யாணம் நின்று போயிருந்தது. முகூர்த்த நேரத்தில் அந்த மாப்பிள்ளை பந்தலுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பெருமாயி மணையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

தவசியிடமும் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள். "திங்கக்கிழமை காலைல ஒம்பதரைக்கு முகூர்த்தம். ஆள் வரலைன்னா நான் எந்திரிச்சிருவேன். பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

இவ்வளவு நெருக்கடி இருக்கிறவன் வீட்டில் கிடக்க வேண்டியதுதானே? ஆனால் டவுனில் கல்யாணத்துக்கு முந்தி மாப்பிள்ளையைக் கூட்டாளிகள் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள் என்று வீரணன் செல்போனில் பார்த்துவிட்டான். பார்த்ததைச் செய்யாமல் விட முடியுமா? ஒச்சப்பன் தலைமையில், கணக்குப்பிள்ளை மாதிரி எப்போதும் நோட்டும் பேனாவுமாகத் திரியும் மொக்கச்சாமியையும் சேர்த்துக்கொண்டு, சனிக்கிழமை நாலு பேரும் வேனில் மலையடிவார ஏரிக்குப் புறப்பட்டார்கள்.

கேட்டில் காவலாளி இருளப்பன் நின்றார். தலையை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"நாலு பேர் உள்ள போறீங்க. நாளைக்கு நாலு பேரும் வெளிய வரணும். எண்ணுவேன். அப்புறம், வந்தப்ப இடம் எப்படி இருந்துச்சோ, போறப்பவும் அப்படியே இருக்கணும். துளி மாறியிருந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்."

வருகிற எல்லாரிடமும் அவர் சொல்வதுதான். அவர் நினைத்தது பிளாஸ்டிக் கவரையும் பிரியாணிப் பொட்டலத்தையும். ஆனால் அதை அவர் சொல்லவில்லையே!

கரைக்குப் போனதும் ஒச்சப்பன் யாரையும் உட்கார விடவில்லை. "மொதல்ல எல்லாத்தையும் எழுதிக்கப்பா. பெறகுதான் ஜாலி" என்றான். மொக்கச்சாமி எழுதினான். எருமை, மேற்கே பார்த்துப் படுத்திருக்கிறது. கொக்கு, பாறை மேல் ஒற்றைக் காலில். தண்ணீர், இந்த இடம் வரைக்கும். அந்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டார்கள். நாவல் மரத்தடியில் தூண்டிலோடு ஒரு ஆள், வாயைத் திறந்து தூங்குகிறார்.

கூடாரம் போடும்போது வீரணன் முளை அடிக்கக் கல்லை ஓங்கினான். ஒச்சப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முளை அடிச்சா தரையில ஓட்டை விழும்ல?"

"விழும்."

"வந்தப்ப ஓட்டை இருந்துச்சா?"

நோட்டைப் பார்த்தார்கள். ஓட்டை இல்லை. ஆகவே கூடாரத்தின் நாலு மூலைக் கயிற்றையும் நாலு பேரும் விடிய விடியப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே படுக்க ஆள் இல்லை. ஆனால் கூடாரம் நன்றாக நின்றது.

காலையில் குளித்தார்கள். கரையேறியதும் துண்டையும் ஜட்டியையும் ஏரிக்குள்ளேயே பிழிந்தார்கள். அதன் தண்ணீர் அதற்கு. தலையில் ஒட்டியிருந்ததைக்கூட உதறிவிட்டுத்தான் வந்தார்கள்.

மதியம் புறப்படுகிற நேரம் மொக்கச்சாமி நோட்டை விரித்தான். எருமை கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு பேரும் சேர்ந்து அதைத் திருப்ப அரை மணி நேரம் ஆனது. கொக்கு தானாகவே பாறைக்கு வந்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. "அதுக்கு விவரம் தெரியும்" என்று ஒச்சப்பன் மெச்சினான்.

தண்ணீரில்தான் இடி விழுந்தது. பாசனத்துக்கு மதகைத் திறந்துவிட்டிருந்ததால் ஏரி குச்சியை விட்டு இரண்டு முழம் உள்ளே போயிருந்தது.

"ஒருத்தனும் அள்ளிக் குடிக்கலையேப்பா!" என்றான் வீரணன், அழாத குறையாக.

"அந்தக் கோடியில அள்ளிட்டு வந்து இங்க ஊத்துவோம்" என்றான் ஒச்சப்பன்.

"அங்க குறைஞ்சிருமே?"

"அங்க எப்படி இருந்துச்சுன்னு நாம எழுதலையே!"

இருபது குடம் ஊற்றினார்கள். தண்ணீர் இன்னும் ஒரு சாண் இறங்கியது. கடைசியில் தவசிக்குத்தான் யோசனை வந்தது. குச்சியைப் பிடுங்கி, தண்ணீர் இருக்கிற இடத்தில் நட்டான். தண்ணீர் குச்சி வரைக்கும் இருந்தது. மொக்கச்சாமி ஒரு டிக் அடித்தான்.

மிச்சம் இருந்தது தூங்குகிற ஆள். அவர் பெயர் கருத்தான். பக்கத்து ஊர்க்காரர், ஓடைப் பக்கமாக மீன் பிடிக்க வந்து போகிறவர். இன்றும் வந்து தூங்கி முழித்து, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் படுத்துத் தூங்குங்கண்ணே. நாங்க போகணும்" என்று கெஞ்சினான் ஒச்சப்பன்.

"நீங்க போறதுக்கு நான் எதுக்குய்யா தூங்கணும்? எனக்குப் பசிக்குது, வீட்டுக்குப் போறேன்."

நால்வரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள். மரத்தடியில் ஒரு ஆள் தூங்கியாக வேண்டும். யார்?

"நாளைக்குக் கல்யாணம் யாருக்கு?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"எனக்கு" என்றான் தவசி.

"அப்ப இன்னைக்கு நல்லாத் தூங்க வேண்டியது யாரு?"

"ஒம்பதரைக்கு முகூர்த்தம்ப்பா" என்று முனகினான் தவசி. "கேட்டு திறந்தாத்தானே மாப்ள முகூர்த்தம்?" என்றான் ஒச்சப்பன். தவசி மரத்தடியில் படுத்து வாயைத் திறந்தான். ராத்திரி முழுக்கக் கயிறு பிடித்த களைப்பு, உடனே குறட்டை வந்துவிட்டது.

இப்போது கேட்டில் காட்ட மூன்று தலைதான் இருந்தது. கல்யாணச் சாப்பாடு போடுகிறோம் என்று சொல்லிக் கருத்தானை வேனில் ஏற்றினார்கள். இருளப்பன் நாலு தலையை எண்ணினார். கரையை எட்டிப் பார்த்தார். ஒரு காகிதம் கிடக்கவில்லை. முளை அடித்த ஓட்டைகூட இல்லை. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்தை நான் பாத்ததில்லப்பா" என்று மனசாரச் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார். கணக்கு சரியாக இருந்தபடியால் உள்ளே ஒருவரும் இல்லை என்பது அவர் முடிவு.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பெருமாயி மணையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மணை காலியாக இருந்தது.

"மாப்பிள்ளை எங்கப்பா?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"ஏரியில இருக்காருங்க. வச்ச இடத்துல பத்திரமா இருக்காரு" என்றான் ஒச்சப்பன். விஷயத்தை நோட்டைப் பார்த்து மொக்கச்சாமி வாசித்தான்.

பெருமாயி எழுந்தாள். பந்தலே உச்சுக் கொட்டியது. போன வருஷம் எழுந்தவள்தானே! தவசியின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் பெருமாயி தாலித் தட்டைக் கையில் எடுத்தாள். "சொன்ன சொல்லுக்காக ஒரு மனுசன் நேத்துலருந்து படுத்தே கெடக்காருன்னா, அவரைத்தான் கட்டிக்கணும். வண்டியை எடுங்க."

பூசாரி, நாயனம், மேளம், சொந்தபந்தம், கருத்தான் எல்லாருமாக முப்பது பேர் ஒரு மினி லாரியில் ஏறினார்கள். இருளப்பன் முப்பது தலையை எண்ணி, அதே இரண்டு பேச்சையும் சொல்லி உள்ளே விட்டார்.

தவசி மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"எந்திரிங்க, நேரமாச்சு" என்றாள் பெருமாயி.

"எந்திரிச்சா இடம் மாறிப்போயிரும்" என்றான் தவசி, கண்ணைத் திறக்காமல்.

மணி ஒன்பது இருபத்தெட்டு. பெருமாயி அவன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். படுத்தபடியே, கண்ணை மூடியபடியே, கையால் தடவிப் பார்த்துத் தவசி மூன்று முடிச்சும் போட்டான். நாயனம் முழங்கியது. எருமைகூட எழுந்து நின்றது. அதை யாரும் திருப்பவில்லை, அந்த அளவுக்கு எல்லாருக்கும் சந்தோஷம்.

"இனி தூண்டில்கார அண்ணன் படுக்கட்டும், இவர் வரட்டும்" என்றாள் பெருமாயி. கருத்தான் படுத்தார். ஆனால் மொக்கச்சாமி குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இவரு சும்மா படுத்திருக்காரு. வந்தப்ப தூங்கினாரு."

"பசியில எப்படிய்யா தூக்கம் வரும்?" என்றார் கருத்தான்.

நாயனக்காரர் ஒரு வழி சொன்னார். நீலாம்பரி ராகம் வாசித்தால் அழுகிற பிள்ளையும் தூங்கிவிடும். எல்லாரும் சத்தம் காட்டாமல் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் நிதானமாக வாசித்தார். ஏரிக்காற்று குளுகுளுவென்று வந்தது. முதலில் பூசாரி சாய்ந்தார். பிறகு பெண்ணின் அப்பா, வீரணன், நோட்டின் மேல் மொக்கச்சாமி. பெருமாயி புருஷன் தோளில் தலையை வைத்தாள். கடைசியில் நாயனக்காரரும் நாயனத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார்.

கருத்தான் எழுந்து உட்கார்ந்தார். சுற்றிலும் ஒரு கல்யாணமே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. தூண்டிலை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து கேட்டுக்கு வந்தார்.

"எங்க போற?" என்றார் இருளப்பன்.

"பந்திக்கு. ரெண்டு நாளா சாப்பாடு போடுறேன் போடுறேன்னு சொல்றாங்களே தவிர போடக் காணோம்."

"அது இருக்கட்டும். இடம் வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கா?"

கருத்தான் நேர்மையான மனுசர். திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கு. ஒரு ஆள் தூங்கின இடத்துல முப்பது ஆள் தூங்குது."

இருளப்பன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"கூடினாப் பரவாயில்ல" என்று கேட்டைத் திறந்தார். "குறையத்தான் கூடாது."