குழாய் டாக்டர்

மூளை அறுவைசிகிச்சைப் பிரிவின் தலைவி சங்கரவடிவிடம் இரண்டு பேர் தொழில் பழகினார்கள். கட்டி என்றால் பெனிட்டாவுக்குப் போகும். மூளையில் வைத்த குழாய் அடைத்துக்கொண்டால் துரைக்கு, அதாவது சேர்மதுரைக்கு, வரும். வார்டில் அவனுக்குக் குழாய் டாக்டர் என்றே பெயர். பெனிட்டாவைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கை கழுவும் இடத்தில் கேட்டே விட்டான்.

“அவளுக்கு மட்டும் கட்டியா மேடம்? நான் என்ன பிளம்பரா?”

“பிள்ளை மயங்கிக் கிடக்கு. முதல்ல அதைப் பாரு” என்றார்.

ஆறு வயதுச் சிறுமி. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய் அடைத்துவிட்டது. காலையிலிருந்து வாந்தி. இப்போது கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

துரை சிறுமியின் காதுக்குப் பின்னால் திறந்து, இணைப்பைக் கழற்றினான். மேலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. அடைப்பு மூளைக்குள் இருக்கும் முனையில்தான். அந்த முனையைச் சதை பற்றியிருக்கும். உள்ளே கம்பி விட்டு லேசாகச் சூடு காட்டி, சதை விடும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமையில் அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை.

அடுத்த தியேட்டரில் பெனிட்டா எடுத்த கட்டி முழுசாக வெளியே வந்தது. அங்கே கைதட்டினார்கள். துரை தலை திருப்பிக் கண்ணாடிச் சன்னலைப் பார்த்தான். சதை விடுமுன்னே அவன் கை குழாயை இழுத்துவிட்டது.

கூடவே ரத்தம் வந்தது.

“கழுவு” என்றார் பின்னால் நின்ற சங்கரவடிவு. “தெளியுற வரைக்கும் கழுவிக்கிட்டே இரு.”

உள்ளே உப்புநீர் விட்டுக் கழுவினான். வெகுநேரம் சிவப்பாகவே வந்தது. பிறகு தெளிந்தது. புதுக் குழாய் வைத்ததும் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மறுநாள் சிறுமி அம்மாவிடம் இட்லி கேட்டாள்.

துரை தலைவியின் அறைக்குப் போனான்.

“பிள்ளை பிழைச்சிருச்சு மேடம்.”

“பிழைச்சிருச்சு.”

“அடுத்த கட்டியாவது எனக்குக் குடுப்பீங்களா?”

சங்கரவடிவு தொப்பியைக் கழற்றினார். சமீபகாலமாக அவரைத் தொப்பியில்லாமல் யாரும் பார்த்ததில்லை. அவன் விரலைப் பிடித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்தார். தோலுக்கடியில் சின்னப் புடைப்பு. அங்கிருந்து கழுத்துக்கு இறங்கும் குழாய். பார்க்காமலே விரலுக்குத் தெரிந்தது.

“போன வருஷம் லீவு போட்டேனே, இதுக்குத்தான். இதுவும் ஒருநாள் அடைக்கும். அன்னைக்கு என் தலையை உங்கிட்ட குடுக்கணும்னுதான் குழாயாப் பார்த்து உனக்குக் குடுத்தேன்.”

துரை விரலை மெல்ல எடுத்துக்கொண்டான்.

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“நேத்து நீ சன்னலைப் பார்த்துட்டே.”